மைக் செட்டுக்காரன் காதில் பஞ்சு

பிள்ளைகளா,

உங்கள் அம்மா இறந்த பிறகு நான் முதன்முதலாக வேலைக்குப் போன நாளை நீங்கள் பார்க்கவில்லை. சிதம்பரத்துக்கு, ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டீர்கள். பார்க்காததே நல்லது. யாராவது கூட்டிச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

கடலூர் முதுநகரில் மாரியம்மன் கோயில் கூழ் வார்த்தல். நான்கு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர். வழக்கமாகக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்துதான் ஆபரேட் செய்வேன். இந்த முறை மதிலுக்கு வெளியே கடையை விரித்தேன். சாவு விழுந்த வீட்டுக்காரன் வருஷம் திரும்பாமல் கோயிலுக்குள் போகக் கூடாது என்பது நம் வழக்கம். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அத்தனை கும்பிடு போட்டும் கேட்காத ஆத்தாளோடு எனக்கு அப்போது பேச்சுவார்த்தை இல்லை.

பாட்டுதான் தொல்லை. எதைப் போட்டாலும் உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து கூடவே பாடுவது போலிருக்கும். அதனால் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டேன்.

வயர் இழுத்துக்கொண்டிருந்த உங்கள் மாமா சேகர் கிட்டே வந்து கத்தினான்.

"இன்னா மாமா, காதுல பஞ்சு?"

"காது வலிடா மச்சான்."

"ரெண்டு காதுமா?"

நான் ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"முடியலன்னா சொல்லு மாமா. பண்ருட்டில ஒருத்தர் செட்டை வெலைக்குக் கேட்டுக்கினே இருக்காரு."

"இன்னிக்கு ஒரு நாள் பாக்குறேன். முடியலன்னா குடுத்துடலாம்."

மத்தியானம், "கூழ் வாங்குறவங்க பாத்திரத்தோட வரிசையா வாங்க" என்று என் மைக்கில் அறிவித்துவிட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே வைத்திருந்த இன்னொரு மைக்கில் பெண்கள் அம்மனுக்குத் தாலாட்டுப் பாடத் தொடங்கினார்கள். வருஷா வருஷம் உங்கள் அம்மா முன்னால் நின்று பாடும் பாட்டு. பஞ்சையும் மீறி உள்ளே வந்தது. நானும் முணுமுணுத்தேன். காது அடைத்திருந்தால் நம் குரல் நம் மண்டைக்குள்ளேதானே கேட்கும்? உண்மையில் நன்றாகவே இருந்தது. ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். டீக்கடைக்காரர் குழாயை அண்ணாந்து பார்த்தார். பெண்கள் பிரமாதமாகப் பாடுகிறார்கள் போல என்று நினைத்து இன்னும் கொஞ்சம் உருகினேன்.

சேகர் ஓடி வந்து ஒரு காதுப் பஞ்சைப் பிடுங்கினான்.

"மாமா, உன் மைக்கு ஆன்ல இருக்குது! மொதல் வரிலேந்து!"

முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் "மைக்கை ஆஃப் பண்ணுங்க" என்று சொன்னவன் நான்.

கோயிலுக்குள் பாட்டு நின்றிருந்தது. ஸ்விட்சைத் தேடினேன். அப்போது குழாயில் ஒரு குரல் வந்தது. உங்கள் அம்மா பக்கத்தில் நின்று பாடுவாளே, பூக்கார அஞ்சலை, அவள்தான்.

"அண்ணே, சுருதி எங்கியோ போவுது. பரவால்ல. அடுத்த அடி அண்ணி எடுக்குற அடி. எடுக்க ஆளில்லாம நிக்கிறோம். நீங்க எடுங்க."

எடுத்தேன். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்ததில் ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியது. பாதி பாட்டு, பாதி அழுகை. பெண்கள் பின்னாலேயே வாங்கிப் பாடினார்கள். வால்யூமைக் குறைத்த சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கும் அக்கா போய்விட்டாளே.

முடிந்ததும் மதிலுக்கு வெளியிலிருந்தே கும்பிட்டேன். சமாதானம் என்று சொல்ல மாட்டேன். பேச்சுவார்த்தை தொடங்கியிருக்கிறது.

மறுநாள் பண்ருட்டிக்காரர் போன் செய்தார். சேகர்தான் எடுத்தான்.

"செட்டு விக்கலீங்க. எங்க மாமா இப்ப பாட ஆரம்பிச்சிட்டாரு. அதக் கேட்டுட்டு ஊருதான் செட்டை வித்துடலாமான்னு பாக்குது."

நான் கற்றுக்கொண்டது இதுதான். மைக் ஸ்விட்சை இரண்டு தரம் பாருங்கள். துக்கத்தில் காதை அடைக்காதீர்கள். அடைத்தால் நம் குரல் மட்டும்தான் கேட்கும். அடுத்த அடிக்கு நமக்காக யார் காத்து நிற்கிறார்கள் என்பது கேட்காது.