மது தொடாத வீடுகளின் மூத்திரம்

ஜேபஸ் ஹோல்ராய்டுக்குத் தன் தொழில்மீது அருவருப்பு உண்டு, வெட்கம் கிடையாது. யார்க்‌ஷயர் சாயப்பட்டறையில் பத்து வயதில் நுழைந்தவன், முப்பது வருஷம் நீலத் தொட்டியோடு குடித்தனம் நடத்தினான். அவுரி நீலம் கம்பளியில் பிடிக்க நாள்பட்ட மூத்திரம் வேண்டும். வீடு வீடாகப் போய் வாளி வாளியாக வாங்கவேண்டும். ஆலைகள் ரசாயனத்துக்கு மாறியபோது ஜேபஸ் நிம்மதியாக மூச்சுவிட்டான், அதுவும் மூக்கு வழியாக.

அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து ஆம்ப்ரோஸ் வேன் என்பவர் வந்து சேர்ந்தார். திரைச்சீலைகளுக்குப் பூக்கொடி வரைகிறவர். ஏழைகளின் விடுதலை பற்றிப் புத்தகம் எழுதுகிறவர். ரசாயனச் சாயம் மனிதனின் ஆன்மாவைக் கொல்கிறது என்று கண்டுபிடித்திருந்தார். பழைய முறையில் பட்டறை தொடங்கி, இரட்டைக் கூலி பேசி, ஜேபஸை மறுபடி அதே தொட்டியடியில் கொண்டுவந்து நிறுத்தினார். அவனைத் தோழர் என்றுதான் அழைப்பார். அழைக்கும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து நின்றுகொள்வார்.

நாற்றம் மறுபடி தோலுக்குள் இறங்கியது. ஊரே நாறிய காலத்தில் யாரும் கவனிக்கவில்லை, இப்போது நாறுகிறவன் இவன் ஒருவன். மெதடிஸ்டு சபையின் பாடகர் வரிசையில் அத்தனை வருஷமும் அடிக்குரல் பாடியவனைக் கதவோரப் பெஞ்சுக்கு மாற்றினார்கள். கர்த்தர் பொறுத்துக்கொள்வார், முன்வரிசைப் பெண்கள் பொறுக்கமாட்டார்கள் என்றார் பாடகர் தலைவர். ஜேபஸ் வேனிடம் கேட்டது ஒன்றுதான்: பட்டறையில் வெந்நீரோடு ஒரு குளியலறை. ஈயக் குழாய் முற்றத்தின் அழகைக் கெடுக்கும் என்று வேன் மறுத்தார். அதே வருஷம் உழைப்பின் ஆனந்தம் என்று வாசலில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்தார். அதிலிருந்த சாயக்காரனின் கைகள் வெண்ணெய் நிறம்.

அடுத்ததாகத் தொழிலாளர் மன்றம் திறந்தார். தெருவே மகிழட்டும் என்று தினமும் இலவச பீர். ஆறே வாரத்தில் தொட்டி செத்தது. ஒரு பிரபுவின் மாளிகைக்குப் போகவேண்டிய துணி ஈரச் சாம்பல் நிறத்தில் வெளியே வந்தது. வேன் அவுரியை மாற்றிப் பார்த்தார், தண்ணீரை மாற்றிப் பார்த்தார், கடைசியில் ஜேபஸிடம் வந்தார்.

"தோழரே, எங்க தப்பு பண்றோம்?"

"பண்றது நீங்க மட்டும்தான் ஐயா. குடிக்காதவங்க வீட்லதான் நல்ல மூத்திரம் கிடைக்கும். இப்ப பாதித் தெரு உங்க பீரைக் குடிச்சிட்டு உங்களுக்கே திருப்பித் தருது."

வேனின் முகம் கோணியது. "மன்றத்தை மூட முடியாதே. புத்தகத்துல எழுதிட்டேன்."

"மூடவேணாம். மேட்டுத் தெருவுல எங்க சபைக்காரங்க இருக்காங்க, ஒரு சொட்டு தொடமாட்டாங்க. ஆனா இந்த நாத்தத்தோட போய் நின்னா கதவைச் சாத்துறாங்க. குளிச்சிட்டுப் போனா வாளி தருவாங்க."

மூன்று வாரத்தில் குளியலறை எழுந்தது. குழாய் எதன் அழகையும் கெடுக்கவில்லை. சுவரெங்கும் வேன் வரைந்த அல்லிப்பூ ஓடுகள். சனிக்கிழமைத் திறப்புவிழாவுக்கு லண்டன் சீமாட்டிகள் வந்தார்கள். உழைப்பாளியின் உடல் எவ்வளவு புனிதமானது என்று வேன் பேசினார். பேச்சை முடித்துவிட்டு ஜேபஸின் பக்கம் குனிந்து, ஓடுகளைத் திங்கட்கிழமை படமெடுக்க வருகிறார்கள், அதுவரை நனைக்கவேண்டாம் என்றார்.

மறுநாள் ஞாயிறு. ஜேபஸ் எல்லார் முன்னாலும் சட்டைப் பொத்தானைக் கழற்றினான், பிறகு கால்சட்டைப் பட்டியில் கை வைத்தான். அந்தப் புனித உடலைப் பார்க்க ஒருவரும் நிற்கவில்லை. கதவைத் தாழிட்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிக் குளித்தான்.

ஞாயிறு காலை நேரே பாடகர் வரிசைக்குப் போய் நின்றான். தலைவர் இரண்டுமுறை மோந்து பார்த்து, நகர்ந்து இடம்விட்டார். கை மட்டும் முழங்கைவரை நீலம். அது எந்த வெந்நீருக்கும் போகாது. பாட்டுப் புத்தகத்தை வழக்கத்தைவிடச் சற்று உயர்த்தியே பிடித்தான்.