கீழ்வீட்டு அக்காவின் காது

ஆம்பூரில் எங்கள் கீழ்வீட்டு அக்கா, ஷூவின் மேல்தோலை வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுப்பவர். விரலில் தோலுறை மாட்டியிருப்பார். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசுவார்.

மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அரைமணி நேரம், நான் கதவைச் சாத்திக்கொண்டு ஏரோபிக்ஸ் வீடியோ போடுவேன். நாளெல்லாம் எனக்குக் கிடைப்பது அந்த அரைமணிதான். குதிப்பது அக்காவுக்குத் தொந்தரவோ என்று பயந்து, ஒருநாள் மாமியாரோடு கீழே போய்க் கேட்டேன்.

“இன்னா தொந்தரவு? பாட்டு அரைமணி கேக்குது. எங்க சீலிங் அஞ்சு நிமிஷம்தான் அதிருது.”

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வியர்த்துவிட்டது.

“மீதி நேரம் படுத்துக்கினு பண்ற எக்சர்சைஸும்மா. பிலாட்டிஸ்னு பேரு. அதுக்குச் சத்தமே வராது,” என்றார் அக்கா மாமியாரிடம், நூலை இழுத்தபடி.

என்னை மாட்டிவிட்டாரா, காப்பாற்றினாரா என்று இன்றும் புரியவில்லை. நான் சும்மா படுத்திருந்தது மட்டும் அவருக்கு எப்படித் தெரிந்தது?