கை வைத்து மறைத்த ஊர்ப்பேர்

எங்கள் ஒறம்பரைக் கூட்டத்தில், சொந்தபந்தத்துக்குள், ஒரு பேச்சு உண்டு: "செத்தவங்களுக்கு ஒருக்கா அழுதாப் போதும், இருக்கறவங்களுக்கு அழுதா முடியவே முடியாது." யார் முதலில் சொன்னாரோ தெரியாது. பஸ்ஸிலும் ரேஷன் கடை வரிசையிலும் கல்யாணப் பந்தியிலும் காதில் விழுந்து நான் பொறுக்கி வைத்திருக்கும் பேச்சுகளில் இதுவும் ஒன்று. பொறுக்கியபோது அழகாகத்தான் இருந்தது. என் அக்காவுக்கு அது பொருந்திய பிறகு நான் அதை யாரிடமும் எடுத்துச் சொல்வதில்லை.

அக்கா என்றால் பெரியம்மா மகள். பல்லடத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்தது. கோழிப்பண்ணை, கொஞ்சம் தறி, ஒரே மகள். அந்தப் பெண் காலேஜ் முடித்த கையோடு வேறு சாதிப் பையன் ஒருவனோடு போய்விட்டாள். விஷயம் தெரிந்த அந்த வாரத்திலேயே மாமா பவானி கூடுதுறைக்குப் போய், மொட்டை அடித்து, உயிரோடிருக்கிற மகளுக்குப் பிண்டம் வைத்துத் தலை முழுகிவிட்டு வந்தார். வீட்டிலிருந்த போட்டோ ஆல்பத்தையும் ஆற்றில் விட்டுவிட்டார். அக்காவின் போனில் இருந்த படங்களை அழித்தது அவளுடைய கொழுந்தனார். அவர் மட்டும் தலை முழுகவில்லை. "முழுகுனா மறந்துபோயிருமுங். நான் மறக்கறதா இல்லீங்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சொன்னபடியே அவர் தேடிக்கொண்டும் இருந்தார். திருப்பூர், ஈரோடு, சேலம் என்று தெரிந்த ஆட்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கண்டுபிடித்தால் என்ன செய்வார் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் அக்கா போன் செய்தாள்.

"அம்மணி, கோயமுத்தூருல படமெல்லாம் மாட்டி வெச்சிருக்கற பெரிய எடம் ஒண்ணு இருக்குதாமே, உனக்குத் தெரியுமா?"

"மியூசியமுங்களா? அதுக்கென்னங் அக்கா இப்ப?"

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். உறவில் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று அங்கே போய்ச் செல்பி எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறது. "அதுக ரெண்டும் பல்லைக் காட்டீட்டு நிக்குதுக. பின்னால செவுத்துல ஒரு படம் தொங்குது. அது என்ற புள்ளை."

"மங்கலா இருக்குமேங் அக்கா. எப்படிச் சொல்றீங்க?"

"மூஞ்சி மங்கல்தான். நிப்பு மங்கலா? ஒத்தக் கால்ல பாரத்தைப் போட்டுட்டு கொக்காட்ட நிக்கறா. சின்னதுல இருந்து நான் வஞ்சு வஞ்சும் மாறாத நிப்பு அது."

அந்தக் குரூப்பில் கொழுந்தனாரும் இருந்தார். படத்துக்குக் கீழே கட்டை விரல் ஒன்று போட்டதோடு சரி. இன்னும் படத்தை விரித்துப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை போல. பார்ப்பதற்குள் நாம் போய்விட வேண்டும் என்றாள் அக்கா. மகளைப் பார்ப்பது ஒன்று. அந்தப் படத்துக்குக் கீழே அவள் இருக்கும் ஊர் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. எழுதியிருந்தால், மியூசியத்துக்கு ஒரு டிக்கெட் வாங்குகிற எவருக்கும் அவள் இருக்கிற இடம் தெரிந்துவிடும்.

மறுநாள் காலையில் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். கண்ணில் தண்ணீர் வடிகிறது, டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். "போறப்ப மறக்காம ஒரு சொட்டு மருந்து வாங்கிக் குடு அம்மணி. வெறுங்கையோட போகக் கூடாது" என்பதுதான் இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை.

ஆட்டோக்காரர் நல்ல மனுஷர், பேச்சுப் பிரியர். "எக்ஸிபிஷனுங்களா? ராட்டினமெல்லாம் போட்டிருக்காங்களா? டெல்லி அப்பளம் உண்டுங்களா?"

"இது படம் பாக்கற எக்ஸிபிஷனுங்."

"அட, சும்மா பாத்துட்டு வர்றதுக்கு டிக்கெட்டுங்களா!" என்று அவர் சிரித்தார். வேறொரு நாளாக இருந்தால் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பேன்.

மியூசிய வாசலில் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டாள். காவலுக்கு நின்றவர், "போட்டுக்கலாமுங் அம்மா, இது கோயலில்லீங்" என்றார். "இருக்கட்டுங்" என்று வெறுங்காலோடு உள்ளே போனாள். உள்ளே ஏசிக் குளிர். வெள்ளைச் சுவர்கள். இருமினால்கூட யாரோ திரும்பிப் பார்க்கிற அமைதி. முதல் கூடத்தில், சுவர் முழுக்க ஒரே கருப்பாகப் பூசிய பெரிய ஓவியம் ஒன்று இருந்தது. அக்கா அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

"என்ன இது, எளவு ஊடாட்ட?"

"ஓவியமுங் அக்கா. இதுல என்ன இருக்குதுன்னு நாமளே பாத்துப் புரிஞ்சுக்கணுமாம்."

"எனக்குப் புரிஞ்சுபோச்சு. நட."

மாடியில்தான் போட்டோக்கள். 'வாடகை வீடுகள்' என்று வாசலில் எழுதியிருந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளின் கதவருகே நிற்கும் மனிதர்கள், ஒரு வீட்டுக்கு ஒரு படம். அக்கா படியேறியதும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"நீ முன்னால போ. எந்தப் படம்னு உனக்கே தெரியும். கீழ ஊருப்பேரு போட்டிருந்தா கையை வெச்சு மறைச்சுக்க. அப்பறம் கூப்புடு, வாரேன்."

"நீங்க ஊரைத் தெரிஞ்சுக்க வேண்டாமுங்களா?"

"வேண்டாம். எனக்குத் தெரியவே கூடாது." சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "அடிச்சுக் கேட்டா நான் சொல்ல மாட்டேன் அம்மணி. உங்க மாமா பக்கத்துல வந்து உக்காந்து அழுதாருன்னா சொல்லிப்போடுவேன். அவரு அழுவாரு. நான் சொல்லுவேன். அவரு தம்பிகிட்ட சொல்லுவாரு. இவன் கத்தியெடுப்பான்."

போனேன். நாலைந்து படங்களைத் தாண்டியதும், ஒரு படத்துக்குள் அக்கா மகள் நின்றுகொண்டிருந்தாள். நைட்டி, தோளில் ஒரு துண்டு, இடுப்பில் குழந்தை, அதே கொக்கு நிப்பு. மற்றப் படங்களின் கீழே ஒட்டியிருந்த சீட்டில் ஊர்ப்பேர் மட்டும் இருந்தது. இவளுடைய படத்தின் கீழே தெருவின் பேரும் இருந்தது, தமிழிலும் ஆங்கிலத்திலும். அந்த ஊரை இப்போதும் நான் எழுதப் போவதில்லை. உள்ளங்கையை விரித்து அந்தச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

அவள் வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சந்தையில் கொத்தைப் பிடித்துக் கருவேப்பிலை பார்ப்பது மாதிரி, மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"இளைச்சுட்டா. கழுத்துல மஞ்சக் கவுறுதான் இருக்குது. குழந்தைக்குக் கன்னத்துல பொட்டு வெச்சிருக்கா பாரு, அவளுக்கு நான் வெச்ச அதே எடத்துல." கண்ணாடிக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். "பையனா புள்ளையான்னு தெரியலையே."

"ஏனுங் அம்மா! கையை எடுங்க!" மாடிக் காவலர் ஓடி வந்தார். "படத்தைத் தொடக் கூடாதுங்!"

"படத்தைத் தொடலீங், சீட்டைத்தானுங்."

"சீட்டும் படமும் ஒண்ணுதானுங். எடுங்க."

"இவங்க அக்கட்ட போனதும் எடுத்தறேனுங்."

"அதென்னங் கணக்கு?" அவருக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. அக்கா அவரைத் திரும்பிப் பார்த்து, "சித்தெ பொறுங்க சாமி. என்ற புள்ளைங்க. இந்தூட்ல இருக்கற புள்ளை" என்றாள். அவர் ஒருமுறை படத்தைப் பார்த்தார், ஒருமுறை அக்காவைப் பார்த்தார். பிறகு போய் மியூசியத்துப் பொறுப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பொறுப்பாளர் இளம்பெண். பருத்திச் சேலை, நிதானமான பேச்சு. எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன், கை வலிக்க வலிக்க. அவர் முகம் வெளுத்துவிட்டது. வேறெதுவும் கேட்காமல் அந்தச் சீட்டை அப்போதே பிரித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். படத்தை இறக்க, எடுத்தவரைக் கேட்க வேண்டும் என்றார். தன் அறைக்குக் கூட்டிப்போய்ப் போன் போட்டு, நாங்களும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

எடுத்தவரும் ஒரு பெண்தான். சங்கடத்தோடு பேசினார். "மத்தவங்க எல்லாம் தெருப்பேரு போடாதீங்கன்னு சொன்னாங்க. அந்தப் பொண்ணு மட்டும் போட்டே ஆகணும்னு நின்னுச்சு. கண்காட்சி கோயமுத்தூருக்குப் போகுமான்னு ரெண்டு மூணு தடவை கேட்டுச்சு. 'எங்கம்மா என்னைக்காவது கோயமுத்தூர் வருவாங்க, பாத்தா வந்து சேந்துருவாங்க'ன்னு சொல்லுச்சு."

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அந்த அறையில் அது தலைகீழாக இருந்தது. பித்துப் பிடித்து விலாசம் எழுதி மாட்டியவள் பிள்ளை. கல்லாக வேண்டியிருந்தவள் பெற்றவள்.

பொறுப்பாளர் தண்ணீர் கொடுத்தார். அக்கா குடிக்கவில்லை. போனைப் பார்த்தே பேசினாள்.

"அந்தூட்டைக் காலி பண்ணச் சொல்லுங்க கண்ணு. இன்னைக்கே. வேற ஊருக்குப் போயிரட்டும்."

"சொல்றேங்க அம்மா. நீங்க வந்து பாத்தீங்க, நீங்கதான் சொன்னீங்கன்னு..."

"அதைச் சொல்லாதீங்க. சொந்தக்காரன் ஒருத்தன் பாத்துட்டான், தேடறாங்கன்னு சொல்லுங்க. நான் வரலைன்னு சொல்லுங்க."

"அம்மா, அது ரொம்ப..."

"நான் பாத்தேன்னு தெரிஞ்சா அவ எனக்குப் போன் போடுவா. என்ற போனு என்ற கையில மட்டும் இல்லீங், ஊட்ல எடுத்துப் பாப்பாங்க. பயப்படட்டும். பயந்தாத்தான் பொழைப்பா." பிறகு, பாதி தனக்கே சொல்வது போல, "அம்மா இருக்கறான்னு நெனச்சாத்தானே திரும்பி வருவா" என்றாள்.

 அந்தப் பக்கத்திலிருந்து, சரி என்று மட்டும் ஒரு வார்த்தை வந்தது.

படத்தை அன்றைக்கே இறக்கினார்கள். இறக்குகிற வரை அக்கா அதன் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பொறுப்பாளர் அந்தப் படத்தைச் சின்னதாகப் பிரிண்ட் போட்டுத் தருவதாகச் சொன்னார். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். "எங்க கொண்டுபோயி வெப்பேனுங்க? கோழித் தீவன மூட்டையிலயா?" என்றாள். பஸ் ஏறும்போது சொட்டு மருந்தை முந்தியில் முடிந்துகொண்டாள்.

பிறகு ஒரு நாள் நான் மட்டும் மியூசியத்துக்குப் போனேன். அந்த இடத்தில் வேறு யாரோ ஒரு கிழவரின் படம் மாட்டியிருந்தது. ஆம்பளைகள் ரெண்டு பேர் வந்து, கையில் செல்பியை வைத்துக்கொண்டு, இங்கே இருந்த படம் எங்கே, எந்த ஊரில் எடுத்தது என்று விசாரித்ததாகப் பொறுப்பாளர் சொன்னார். தெரியாது என்று அனுப்பிவிட்டார்களாம். அந்தப் பெண் வீடு மாறிவிட்டாள் என்று படம் எடுத்தவர் சொன்னாராம், அவளிடம் பேசியதையும் சொன்னாராம். எங்கே என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பண்ணையிலிருந்து அக்கா கூப்பிட்டாள், வேலைக்காரப் பெண்ணின் போனிலிருந்து. பின்னால் கோழிகளின் இரைச்சல். தேடி வந்தவர்களைச் சொன்னேன், வீடு மாறியதைச் சொன்னேன். "செரி, செரி" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அவ ஒண்ணும் கேக்கலையாமா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "எங்கம்மா வந்தாங்களான்னு கேட்டாளாமுங் அக்கா."

"என்ன சொன்னாங்களாம்?"

"நீங்க சொல்லச் சொன்னதைத்தானுங்."

"அழுதாளாமா?"

"தெரியலைங். செரிங்கன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டாளாம்."



"செரின்னுட்டாளா," என்றாள் அக்கா. "அப்ப இனி என்னைத் தேட மாட்டா."

போனை வைத்துவிட்டாள்.