நெட்டைக்கால் நாய்

டெக்சாஸ் வந்தபிறகு என் மகனுக்கு முயல் வேட்டைப் பழக்கம் வந்தது. அதற்கு நாய் வாங்க என்னையும் கூட்டிப்போனான்.

விற்கிறவள் முதலில் தொங்குகாது குட்டை நாயைக் காட்டினாள். பக்கத்துக் கூண்டில் நெட்டைக்கால் நாய் ஒன்று நின்றது.

"இது புதர்ல இருக்கற முயலைக் கிளப்பிவிட்டுட்டு அப்படியே உக்காந்துடுமாம்மா. அப்புறம் நாம ஷூட் பண்ணணும்" என்றான் மகன்.

"உக்கார்ற நாய் எதுக்குடா? எங்கப்பா முயல் நாய் வளத்தவரு, எனக்குத் தெரியாததா? அந்த நெட்டைக்காலை எடு."

எங்கள் ஊர்ப் பக்கம் முயல் வேட்டைக்குத் துப்பாக்கி கிடையாது. நாய்தான் துரத்திப் பிடிக்கும். மகன் என் பேச்சைத் தட்டவில்லை.

முயல் கிளம்பியதும் உட்கார அதைப் பல மாதம் பழக்கினான். பிறகு முதல்முறை வேட்டைக்குப் போனோம். நான் காரில் இருந்தேன். முயல் கிளம்பியது. நாய் உட்காரவில்லை, பின்னாலேயே பாய்ந்தது. மகன் சுட்ட குண்டு அதன்மேல் பட்டது. காருக்குத் தூக்கி வரும்போதே உயிர் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. வீடு வரும்வரை மடியில் வைத்திருந்தேன். சேலையைத் துவைத்தேன், சோறு வடித்தேன்.

"விடும்மா, சொல்பேச்சு கேக்காத நாய்" என்றான் மகன். கோயிலில் கேட்டவர்களிடம் நானும் அப்படியே சொன்னேன்.

அது பொய். துரத்தும் என்றுதான் நான் அதை எடுக்கச் சொன்னேன். அது துரத்தியது.