குட்டி தின்ற அரிசி

எங்கள் பட்டியிலேயே சோனியான செம்மறிக் குட்டி என் பொறுப்பில் இருந்தது. அதாவது, என் பொறுப்பு என்று நானே சொல்லிக்கொண்டேன். தாயில்லாக் குட்டி. அப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது தேறாது, ஞாயிற்றுக்கிழமை விராலிமலை வியாபாரி வந்தால் தள்ளிவிடலாம் என்றார். நான் அழுத அழுகையில், அதற்குள் கொஞ்சம் தேறினால் வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார்.

மூன்றாம் வகுப்பு படித்த எனக்கு, தேற்றுவதற்கு ஒரே வழிதான் தெரியும்: வயிறு முட்ட ஊட்டுவது. வீட்டில் எல்லாரும் என்னிடம் செய்ததும் அதுதான். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா மாதா கோவிலைக் கூட்டப் போயிருந்த நேரம், ரேஷன் அரிசியில் அரைப்படியை ஊறவைத்துக் குட்டிக்கு வைத்தேன். தின்று முடித்து என் கையையும் நக்கியது. வயிறு பந்தாகிவிட்டது. அப்பாவை ஜெயித்துவிட்ட நிம்மதியில் தூங்கினேன்.

காலையில் குட்டி துள்ளித் துள்ளி விழுந்தது. கழுத்து பின்னால் வளைந்தது. அப்பா ஓடி வருவதற்குள் அடங்கிவிட்டது. அம்மா அதன் வாயைத் திறந்து பார்த்தாள். பிறகு முந்தானையால் உள்ளேயும் வெளியேயும் அழுத்தித் துடைத்தாள்.

"துள்ளுமாரி," என்றார் அப்பா. "எதத் தின்னுச்சு இது?"

"மழைக்கு மொளச்ச புல்லுல நாந்தான் விட்டேன். கூடத் தின்னுருச்சு போல," என்றாள் அம்மா.

அப்பாவுக்குத் திட்டத் தெரியாது. அன்று எப்படியோ தெரிந்திருந்தது. அம்மா அத்தனையையும் வாங்கிக்கொண்டு பட்டியைக் கூட்டினாள். என் குட்டியைக் கொன்றவள் என்று நான் இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.

போன மாதம் என் ஆடுகளுக்குத் துள்ளுமாரி நோய்த் தடுப்பூசி போட வந்த டாக்டரம்மா பேச்சுவாக்கில் சொன்னார். அந்தக் கிருமி எல்லா ஆட்டுக் குடலிலும் சும்மாதான் கிடக்குமாம். திடீரென்று அரிசியோ இளம்புல்லோ அளவுக்கு மீறி உள்ளே போனால், பெருகி விஷத்தைக் கக்குமாம். நான் பிடித்திருந்த ஆட்டை விட்டுவிட்டேன்.

அம்மாவுக்குப் போன் போட்டு, அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன்.

"அரிசி டின்ன நாந்தானே தெனம் தொறக்குறேன்," என்றாள். "ஒன் ஆட்டுக்கெல்லாம் ஊசி போட்டாச்சா?"

அவள் முந்தானையில் ஒட்டியிருந்த வெள்ளையை அன்று நுரை என்றுதான் நினைத்தேன். அதன் மறுமுனையால் என் கண்ணைத் துடைக்க வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.