வேடியப்பன் பொறுக்கிக் கொடுத்த ரவை

கருணாபுரத்து வேடியப்பன் பலூன் சுடும் கடைக்காரர். கள்ளக்குறிச்சியைச் சுற்றி எங்கே தேர், தீமிதி என்றாலும் சைக்கிளில் பலகையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். மற்றவர்கள் நீளத் துப்பாக்கி வைத்திருக்க, இவரிடம் மட்டும் காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கி. "கையில புடிச்சா இன்ஸ்பெக்டர் மாதிரி இருக்கும்ணே, அதுக்கே ஜனம் வரும்" என்பார். உண்மை வேறு. குழல் குட்டையாக இருந்தால் கை லேசாக ஆடினாலும் குறி தப்பும்.

அது போதாதென்று அதில் போடும் ஈய ரவையிலும் வேலை காட்டுவார். அவரிடம் மூன்று டப்பா. கூர்முனை ரவை பார்க்க ராக்கெட் போல இருக்கும், விடலைகள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள், அது தன் இஷ்டத்துக்குப் போகும். தட்டைத்தலை ரவைதான் சொன்ன பேச்சைக் கேட்கும். மூன்றாவது, பலகையில் மோதி நசுங்கியதைப் பொறுக்கித் தட்டி நிமிர்த்திய பழசு. அதைச் சுட்டால் பலூனைத் தவிர எல்லாவற்றிலும் படும்.

ஆள் முகத்தைப் பார்த்துத்தான் டப்பா திறப்பார். குழந்தைக்குத் தட்டை. புது மாப்பிள்ளைக்கு முதலில் ஒரு தட்டை. பெண் கைதட்டியதும் வரிசையாக நசுங்கல். அவன் முகம் செத்துப்போகும் நேரத்தில் மறுபடி ஒரு தட்டை. கல்யாணமான வருஷம் கமலா முன்னால் என்னையும் அப்படித்தான் சந்தி சிரிக்க வைத்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் மனிதர் தானே சுட்டால், நூலில் ஆடும் புளியங்கொட்டை தெறிக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம். எங்களில் ஒரு கூட்டத்தைப் போலீஸ்காரர்கள் பிடித்து, கச்சிராயபாளையம் சாலையோரம் வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். எங்களை ஏற்றிப் போகவேண்டிய வேன், நாங்களே வெட்டிப்போட்ட மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. அப்போது கல்வராயன் மலையில் ஒரு திருவிழாவை முடித்துக்கொண்டு வேடியப்பன் சைக்கிளில் வந்து மாட்டினார்.

தெற்கத்தி இன்ஸ்பெக்டர் பையைத் திறந்தார். துப்பாக்கி. "என்னய்யா இது? கலவர நேரத்துல ஆயுதமா?"

"பொம்மைங்க! பலூன் சுடறதுங்க!" வேடியப்பனுக்கு வேர்த்துவிட்டது. துப்பாக்கி போனால் பிழைப்பே போச்சு.

"பொம்மையான்னு சுட்டுப் பாத்துருவோம். கட்டு பலூனை."

பலூன் கட்டியாயிற்று. எந்த டப்பா? வெடித்தால் ஆயுதம். வெடிக்காவிட்டால், இத்தனை பேர் முன்னால் இன்ஸ்பெக்டருக்கு அவமானம். வேடியப்பனின் விரல்கள் மூன்று டப்பா மேலும் அலைந்தன. நசுங்கலை எடுத்து, சுட நின்ற இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார்.

டப். பலூன் அசையவில்லை. மறுபடி நசுங்கல். மறுபடியும் அப்படியே. எங்கள் கூட்டத்தில் பழனி அடக்கமாட்டாமல் "ஓ" என்றான். இன்ஸ்பெக்டருக்குக் காது சிவந்தது. "இன்னொன்னு குடுய்யா!"

அந்த முகம் எனக்குத் தெரியும். கமலா பக்கத்தில் நின்றபோது எனக்கிருந்த அதே முகம். வேடியப்பனுக்கும் தெரிந்தது. தட்டையைக் கொடுத்தார். பலூன் வெடித்தது. எங்களை மறந்து கைதட்டினோம். இன்ஸ்பெக்டர் வரிசையாக வெடிக்க வைத்துவிட்டுத்தான் வேலை நினைவுக்கு வந்து திரும்பினார்.

"வெடிக்குதே. அப்ப ஆயுதந்தானே?"

"ஐயாவுக்குக் குறி இருக்குதுங்க, வெடிக்குது. எங்களுக்கெல்லாம் வராதுங்க."

"நீ சுடு, பாப்போம்." இப்போது ரவையை எடுத்தது இன்ஸ்பெக்டர். பாவி மனிதர், கற்றுக்கொண்டுவிட்டார். சரியாகத் தட்டை டப்பாவிலிருந்து எடுத்தார்.

வேடியப்பன் சுட்டார். ரவை வேப்பமரத்தில் பட்டது. மரத்தடி முழுக்கச் சிரித்தது. "இவுருதான் கடை வச்சிக்கினு கீறாரா?" என்றான் பழனி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கையை வேண்டுமென்றே தவறவிட அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

இன்ஸ்பெக்டருக்குப் பொறுக்கவில்லை. "என்னய்யா பிடிக்கிற? முழங்கைய மடக்காத. மூச்ச நிறுத்து. இப்படி." தோளைப் பிடித்துத் திருப்பினார், காலை அகட்டி வைத்தார். வேடியப்பன் "சரிங்க, சரிங்க" என்று பள்ளிக்கூடப் பிள்ளையாட்டம் தலையாட்டினார். இன்னொரு தட்டை உள்ளே போயிற்று. "இப்ப சுடு."

பட்டால், யார் சுட்டாலும் வெடிக்கும் ஆயுதம். தப்பினால், சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு அவமானம்.

பலூன் வெடித்தது.

இன்ஸ்பெக்டர் துள்ளிவிட்டார். "பாத்தீங்களாய்யா! சொல்லிக் குடுத்தா ஏன் வராது?" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார். ஆயுதம், கலவரம் எல்லாம் பறந்துபோயிற்று. துப்பாக்கியைத் தன் கையாலேயே பையில் போட்டு, "தினம் பழகு. விட்றாத" என்று வேடியப்பன் முதுகில் தட்டி அனுப்பினார்.

வேடியப்பன் சைக்கிளில் ஏறவில்லை. எங்கள் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பலே ஆளுய்யா நீ," என்றேன். "கடைசியில எப்படிய்யா கண்டுபுடிச்ச, அடிக்கணும்னு?"

"நான் எங்கண்ணே கண்டுபுடிச்சேன்," என்றார் வேடியப்பன். "இன்னா பண்றதுன்னே தெரியல. கண்ண மூடிக்கினு சுட்டேன்."