டோல்கேட்டில் நின்ற கவிதை

எண்ணூரிலிருந்து ராயபுரத்துப் பள்ளிக்குப் பேருந்தில் போகும்போதுதான் என் மகளுக்குக் கவிதை மனப்பாடம் செய்விப்பேன். நிறுத்தத்துக்கு ஒரு வரி.

ஒப்புவித்தல் போட்டியில், மேடையில் பாதியிலேயே நின்றுவிட்டாள். போன வருடம் இப்படி நின்றுதான் அழுதுகொண்டே இறங்கினாள். முன்வரிசையிலிருந்த நான் பதறிப்போய் அடுத்த வரியை வாயசைத்தேன். அவள் வேண்டாமென்று கைகாட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கடைசிவரை பிசகாமல் சொன்னாள்.

"இன்னாடி ஆச்சு?" மேடையைவிட்டு இறங்கி வந்தவளிடம் கேட்டேன்.

"மனசுக்குள்ள ஒவ்வொரு ஸ்டாப்பா சொல்லிகினே வந்தேம்மா, டோல்கேட் ஸ்டாப்புல கண்டெய்னர் லாரி அடைச்சிகினு இருந்துச்சு. நம்ம பஸ்ஸு டெய்லி அங்கதான நிக்கும்? வழி வுட்டதும் வந்துட்டேன். நீ இன்னாத்துக்கு வாய ஆட்டிகினு இருந்த?"

இப்போது அவள் தோழிகளோடு போய்வருகிறாள். நான் வேலைக்குப் போகும் பேருந்து டோல்கேட்டில் நிற்கும்போதெல்லாம், அன்று நான் வாயசைத்த, கேட்க ஆளில்லாத அந்த வரியை என் உதடுகள் சொல்லிப் பார்க்கின்றன.